வாடிக்கையாளர் எடுக்கவில்லை

புகார் சொல்கிறவர்களை இசக்கிபாண்டிக்குப் பிடிக்காது. செல்போன் கம்பெனியில் புகார்களைத் தீர்க்கிற வேலையில் இருப்பவனுக்கு இப்படி ஒரு குணம் வாய்த்தது, தண்ணீரைக் கண்டால் ஆகாதவன் மீன் பிடிக்கப் போன கதைதான். "இருவது ரூவா டாப்-அப் போட்டுக்கிட்டு இம்புட்டுப் பெரிய டவரைக் குத்தம் சொல்ல வந்துட்டான்" என்பான். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமோ முடித்து நாலு வருஷமாகப் படப்பையில் மூன்று பேரோடு ஒரு அறையில் இருந்தான். வேலை இன்னும் கான்ட்ராக்ட்தான். மார்ச் முடிவதற்குள் ஒரகடம் பகுதியில் புகார் பூஜ்யம் என்று காட்டினால் நிரந்தரம் என்று அவனுடைய மேலதிகாரி சுப்பராயன் சொல்லியிருந்தார். அந்தப் பூஜ்யத்தை எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் 2012-ஆம் வருஷத் தொடக்கத்தில் அவன் வாழ்க்கை லட்சியம்.

ஒரகடத்துக்கு 3ஜி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கூட்ரோட்டில் பெரிய விளம்பரப் பலகை. அதில் ஒரு குடும்பமே போனைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு நிஜம்தானா என்று அளந்து பார்ப்பது இசக்கிபாண்டியின் வேலை. ஒரு வெள்ளைக் கார், பின்சீட்டில் மடிக்கணினி, அதோடு இணைத்த இரண்டு டெஸ்ட் போன்கள், ஓட்டுவதற்குப் படப்பைக்காரர் பாபு. கார் போகிற வழியெல்லாம் போன்கள் தாமாகவே சென்னை ஆபீஸில் இருக்கும் ஒரு இயந்திரத்தை அழைக்கும். கிடைத்தால் திரையில் பச்சைக் கோடு, கிடைக்காவிட்டால் சிவப்பு.

தினமும் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை இந்த ஊர்வலம் நடக்கும். அதுதான் நெரிசல் நேரம் என்று சென்னை ஆபீஸ் நிர்ணயித்திருந்தது. சென்னை ஆபீஸில் இருப்பவர்கள் பதினொரு மணிக்குத்தான் காபி குடித்து முடித்து போனை எடுப்பார்கள், ஆகவே உலகமும் அப்போதுதான் எடுக்கும். ஒரகடத்தில் பதினொரு மணிக்கு என்ன நடக்கும் என்பதை யாரும் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் ஃபேக்டரிகளுக்குள் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுடைய போன்கள் கேட்டில் டோக்கன் போட்டு லாக்கரில் அணைந்து கிடக்கும். உள்ளே போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. ரோட்டில் கன்டெய்னர் லாரிகளும் மாடுகளும் மட்டும்தான். மாடு போன் பேசுவதில்லை. ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டு இடவசதி பிரமாதம் என்று சான்றிதழ் கொடுக்கிற மாதிரி இசக்கிபாண்டி தினமும் பச்சைப் பசேல் என்று ரிப்போர்ட் அனுப்பிக்கொண்டிருந்தான்.

பாபு ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "சார், இந்நேரத்துல இங்க யாரு சார் போன் பேசறாங்க? மூணரைக்கு ஷிப்ட் வுட்டு பஸ்ஸெல்லாம் வரும் பாரு, அப்ப வந்து அள. சங்கதி தெரியும்."

"நெரிசல் நேரம் எதுன்னு ஆபீஸ்காரனுக்குத் தெரியும். நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க அண்ணே."

பாபு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

டவருடைய நியாயத்தையும் இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 3ஜி டவர் எல்லாச் சேவையையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. அது நாலு பந்தி போடும். முதல் பந்தி பேச்சுக்கு. குரல் அழைப்பு, முகம் பார்த்துப் பேசுகிற வீடியோ அழைப்பு இரண்டும் இதில் வரும். அரை நொடி பிசகினாலும் பேச்சு பேச்சாக இருக்காது, அதனால் அதற்கு முதல் இலை. இரண்டாவது பந்தி ஓடுகிற பாட்டுக்கும் படத்துக்கும். கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். மூன்றாவது இணையப் பக்கங்களுக்கு. கேட்டவன் நாலு நொடி காத்திருந்தால் செத்துவிட மாட்டான். கடைசிப் பந்தி மெசேஜுக்கும் மெயிலுக்கும். எப்போது போனால் என்ன, போய்ச் சேர்ந்தால் சரி. இதுவரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் பந்திக்குள்ளே இன்னொரு ஏற்பாடு உண்டு. அது ஆளைப் பார்த்துச் செய்கிற ஏற்பாடு. மாதம் பிறந்தால் பெரிய பில் கட்டுகிற மேனேஜர்மாரின் சிம் தங்கம். அதற்கு அடுத்தது வெள்ளி. இருபது ரூபாய் டாப்-அப்புக்குப் பெயரே கிடையாது. மண்டபம் நிறைந்திருக்கும்போது தங்கம் ஒன்று வாசலில் வந்து நின்றால், இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிற பெயரில்லாத ஒருத்தியைக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, அந்த இலையிலேயே தங்கத்தை உட்கார வைப்பார்கள். எழுப்பப்பட்டவளுக்கு லைன் கட். ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. இசக்கிபாண்டியின் டெஸ்ட் சிம் தங்கத்துக்கும் ஒரு படி மேலே. இதையெல்லாம் அவன் பயிற்சி வகுப்பில் படித்துப் பரீட்சையும் எழுதித் தேறியிருந்தான். பரீட்சையில் தேறியதும் மறந்துவிட்டான்.

ஜனவரி மாதத்திலிருந்து ஒரே எண்ணிலிருந்து ஒரு புகார் வந்துகொண்டிருந்தது. பெயர் கனகலட்சுமி, இடம் ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதி. தினமும் மூணே முக்காலுக்கு வீடியோ கால் பாதியில் கட் ஆகிறது என்பது புகார். புகார் எப்போதும் மெசேஜாகத்தான் வரும்.

"வீடியோ காலாம். மொகத்தப் பாத்துப் பேசணுமாம் மகாராணி" என்று பாபுவிடம் சொல்லிவிட்டு இசக்கிபாண்டி வழக்கம்போலப் பதினொரு மணிக்கு விடுதிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினான். பச்சை. விதிப்படி, டெஸ்ட் முடிந்ததும் வாடிக்கையாளருக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். மூன்று முறை முயன்றும் எடுக்காவிட்டால் 'வாடிக்கையாளர் எடுக்கவில்லை' என்று குறித்துவிட்டுப் புகாரை மூடிவிடலாம். அவன் மாலையில் அறையிலிருந்து மூன்று முறை அழைத்தான். எடுக்கவில்லை. மூடினான். மூடியதும் வாடிக்கையாளருக்குத் தானாகவே ஒரு இங்கிலீஷ் மெசேஜ் போகும். உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, உங்கள் பகுதியில் நெட்வொர்க் நன்றாக உள்ளது, நன்றி. போனை எடுக்காத வாடிக்கையாளர்கள்தான் இசக்கிபாண்டிக்கு மிகவும் பிடித்த வாடிக்கையாளர்கள்.

ஆறு வாரத்தில் அதே புகாரை நாலு தடவை மூடினான். "புகார் மட்டும் குடுப்பாளாம், போன எடுக்க மாட்டாளாம். பொழப்பத்தவ" என்று திட்டவும் செய்தான்.

ஐந்தாவது தடவை மெசேஜ் வரவில்லை, கடிதம் வந்தது. ஃபேக்டரி லைனில் எண்ணிக்கை குறிக்கிற தாளின் பின்பக்கத்தில் நீல மையில் எழுதி, கூட்ரோட்டில் இருந்த கம்பெனிக் கடையில் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் அதைச் சுப்பராயனுக்கு அனுப்ப, சுப்பராயன் இசக்கிபாண்டிக்கு அனுப்பினார்.

'ஐயா, கனகலட்சுமிக்குக் காது கேட்காது. பேச்சும் வராது. அவளுக்குப் போன் செய்து எடுக்கவில்லை என்று நாலு தடவை மூடியிருக்கிறீர்கள். அவள் கையால் பேசுகிறவள். அதற்கு வீடியோ கால்தான் வேண்டும். அவளுக்குப் பூ வைத்திருக்கிற மாப்பிள்ளையும் அப்படியே. பாளையங்கோட்டையில் தையல் கடையில் வேலை. கடையில் அவருக்கு டீ குடிக்க விடுகிற நேரமும் இவள் ஷிப்ட் முடிந்து வருகிற நேரமும் ஒன்றுசேர்வது மூணே முக்காலுக்குத்தான். தினமும் பேச்சு பாதியில் கட் ஆகிறது. இவள் வேண்டுமென்றே கட் பண்ணுகிறாள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். டவர் கோளாறு என்று சொன்னதற்கு அத்தாட்சி கேட்டார்கள். உங்களிடமிருந்து வந்த இங்கிலீஷ் மெசேஜைக் கோளாறை ஒத்துக்கொண்ட மெசேஜ் என்று நினைத்து இந்தப் பைத்தியம் மாப்பிள்ளைக்கு அனுப்பிவிட்டது. நெட்வொர்க் நன்றாக இருக்கிறது என்று கம்பெனியே எழுதியிருக்கிறது, இவள் பொய் சொல்கிறாள் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி வைப்பதா, பூவைத் திருப்பிக் கொடுப்பதா என்று முடிவு செய்கிறார்கள். காது கேட்காதவளுக்குப் போன் போட்டு எடுக்கவில்லை என்று எழுதிய மகான் யார் என்று தெரிந்தால் நல்லது. இப்படிக்கு லீலா, அதே லைன், அதே விடுதி.'

மகான் கடிதத்தை இரண்டு முறை படித்தான். படித்துக்கொண்டிருக்கும்போதே சுப்பராயன் அழைத்தார்.

"என்னப்பா இசக்கி, லெட்டர் எழுதற வரைக்கும் விட்டு வெச்சிருக்க? மார்ச்சுக்குள்ள ஜீரோ காட்டணும்னு சொன்னேனா இல்லையா? நேர்ல போய்ப் பேசி மூடிட்டு வா."

"அந்தப் பிள்ளைக்குக் காது கேக்காதாம் சார்."

"அப்போ எழுதிக் காட்டு."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விடுதிக்குப் போனான். பழக்கதோஷம். வார்டன் சொர்ணம்மாள் கேட்டைத் திறக்காமலே பேசினாள். "இந்நேரத்துல வந்து பொண்ணுங்களக் கேட்டா எங்கேந்து வரும்? அதுங்க வேலைக்குப் பூட்டுதுங்க. மூணரைக்கு பஸ்ஸு வரும். அப்ப வா." நாலரை மணி நேரம் டீக்கடைக்கும் காருக்குமாக அலைந்து அவன் காய்ந்துபோனான். நாலு வருஷமாக அந்த ரோட்டை அளந்தவனுக்கு, அந்த ரோட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிய ஆரம்பித்தது.

மூன்றரைக்கு வரிசையாக பஸ்கள் வந்தன. சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பெண்கள் இறங்கினார்கள். முகம்கூடக் கழுவாமல் விடுதியின் பின்பக்கச் சுற்றுச்சுவருக்குப் போனார்கள். கட்டடத்துக்குள்ளே சிக்னல் எட்டாது, அந்தச் சுவரோரத்தில்தான் கிடைக்கும். நாற்பது பேர் இருப்பார்கள். சுவரில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைக் காதில் வைத்து, தூத்துக்குடியையும் தென்காசியையும் ராமநாதபுரத்தையும் ஒரே நேரத்தில் விசாரித்தார்கள்.

வரிசையின் கடைசியில் ஒருத்தி மட்டும் போனைக் காதில் வைக்கவில்லை. இரண்டு செங்கல்லுக்கு நடுவில் அதை நிறுத்தி வைத்துவிட்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. விரல்கள் ஓடின. புருவமும் கன்னமும் சேர்ந்து பேசின. யாரோ சூப்பர்வைசர் தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடப்பதை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். ரோட்டோரம் நிறுத்தியிருந்த காருக்குள்ளிருந்து பார்த்த இசக்கிபாண்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீடியோ கால் கேட்ட மகாராணி இவள்தான் என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

நன்றாகத்தானே பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தான். மடிக்கணினியைத் திறந்து டெஸ்ட் சிம்மிலிருந்து ஒரு வீடியோ அழைப்பு போட்டான். இரண்டு நொடியில் கிடைத்தது.

"பாத்தியளா அண்ணே, மூணே முக்காலுக்கும் பச்சதான்."

பாபு திரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். "அங்க பாரு சார்."

அந்தப் பெண்ணின் கைகள் பாதியில் நின்றிருந்தன. அவள் போனை எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் ஹலோ ஹலோ என்றார்கள். அவன் தன் அழைப்பைத் துண்டித்தான். அவள் மறுபடி போட்டாள், கிடைத்தது, கைகள் ஓட ஆரம்பித்தன. தற்செயலாக இருக்கும் என்று அவன் இன்னொரு முறை டெஸ்ட் போட்டான். பச்சை. அவள் கைகள் நின்றன.

பயிற்சி வகுப்பும் பரீட்சைத் தாளும் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டன. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் மூன்றாவது முறையும் போட்டான். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் போட்டான். ஊரான் வீட்டுக் கூரையில் தீக்குச்சி உரசி, ஓலை பற்றுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. ஓலை பற்றியது. அதற்கப்புறம் அவள் எட்டு முறை அழைத்தாள். மறுமுனையில் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் போனுக்கு ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. கடைசிப் பந்திக்காரன் தவறாமல் வந்து சேர்ந்துவிட்டான். அதைப் படித்துவிட்டு அவள் போனைச் செங்கல் மேல் கவிழ்த்து வைத்தாள்.

பக்கத்திலிருந்த ஒல்லியான பெண் அதை எடுத்துப் படித்துவிட்டு நேராகக் காரை நோக்கி வந்தாள். கதவில் ஒட்டியிருந்த கம்பெனிச் சின்னம் அவளுக்குப் போதுமாயிருந்தது.

"நீங்கதான் அந்த மகானா சார்? நான் லீலா. லெட்டர் எழுதினது நான்தான்."

"ஆமாம்மா. நான்..."

"இதப் படிங்க." போனை நீட்டினாள். இனிமேல் பேச வேண்டாம் என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்தது. "நம்ம பாஷையில கோவம் வந்தா கத்துவோம் சார். அதுங்க பாஷையில, எதிராளி பேசிக்கினு இருக்கறப்போ மூஞ்சத் திருப்பிக்கினா செருப்பால அடிச்ச மாதிரி. தினமும் அந்தப் பையனுக்கு அதான் நடக்குது. பேசிக்கினே இருப்பான், இது மூஞ்சி மறஞ்சி பூடும். எத்தினி நாளு தாங்குவான்?"

"அவங்க பாஷை உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"லைன்ல பேசினா சூப்பர்வைசர் கத்துவாரு. காது கேக்காத பொண்ணுங்க அரட்டை அடிக்காதுன்னு தேடி எடுத்தானுங்க. இப்போ லைன் மொத்தமும் கையாலதான் அரட்டை அடிக்குது. அத வுடுங்க. டவரு நல்லாகீதுன்னு எழுதினீங்களே, இப்போ பாத்தீங்க இல்ல?"

இசக்கிபாண்டி வாயை மூடிக்கொண்டு காரை எடுக்கச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நாலு வருஷமாக அவன் செய்ததும் அதுதான். அன்றைக்கு ஏனோ முடியவில்லை.

"டவரு இல்லம்மா. இப்ப மூணு தடவையும் கட் பண்ணுனது நாந்தான்" என்றான். தன் சிம் எப்படிப்பட்டது, அது உள்ளே நுழைந்தால் யார் வெளியே போவார்கள் என்பதைச் சொன்னான். "மத்த நாள்ல ரோட்டுல போற மேனேஜர்மாரு. வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கேன், காபி போட்டு வையின்னு ஒரு போன் போட்டாப் போதும், இங்ஙன யாருக்காவது போயிரும்."

லீலா அவனை மேலும் கீழும் பார்த்தாள். சார் என்ற வார்த்தை அதோடு உதிர்ந்துபோனது. "அப்போ நீ அளக்க வரலையா? எங்க வாய அடைக்கத்தான் வந்துக்கினு இருந்தியா இத்தினி நாளா?"

இசக்கிபாண்டி டெஸ்ட் போனின் பின்மூடியைக் கழற்றி சிம்மை எடுத்தான்.

"சார், அது வெளிய ஆளு கைக்குப் போனா வேலையே பூடும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் பாபு.

"சொன்னேன். இப்ப என்ன செய்யச் சொல்லுதீய? ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு."

சிம்மைக் கனகலட்சுமியின் போனில் போட்டார்கள். அவளுடைய எண்ணாக இருந்திருந்தால் மாப்பிள்ளை பேச்சிராஜ் எடுத்திருக்க மாட்டான். புது எண் என்பதால் எடுத்தான். தோளில் அளவு நாடாவோடு, கடுகடுத்த முகம் ஒன்று திரையில் வந்தது. படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. கூட்ரோட்டு விளம்பரப் பலகையில் சிரிக்கிற குடும்பத்துக்குக் கிடைக்கிற தெளிவு அது. அவள் கைகள் கெஞ்சின, விளக்கின. அவன் நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவன் விரல்கள் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லின. அது 'பொய்' என்று லீலா சொன்னாள்.

அந்த ஒரு அழைப்பே பந்தி முழுவதையும் அடைத்துக்கொள்ள, சுவரில் இருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாக லைன் போக ஆரம்பித்தது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள், மறுபடி போட்டார்கள், கிடைக்கவில்லை. கண்ணால் வாழ்கிறவளுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. கனகலட்சுமி பேச்சை நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாள். தன் போனைப் பார்த்தாள். இசக்கிபாண்டியைப் பார்த்தாள். பயிற்சி வகுப்பு, பரீட்சை, டிப்ளமோ எதுவும் இல்லாமல் அவளுக்கு ஒரே நிமிஷத்தில் முழுதும் விளங்கிவிட்டது.

அவள் எழுந்து போனைத் திருப்பிப் பிடித்தாள். தன் முகத்தைக் காட்டாமல் சுவரைக் காட்டினாள். ஒரு முனையிலிருந்து மெதுவாக நடந்தாள். முதலில் பெண்கள் படம் எடுக்கிறாளோ என்று துப்பட்டாவை முகத்துக்கு இழுத்தார்கள். லீலா முன்னால் ஓடினாள். "மூஞ்சிய மூடாதீங்கடி, போனக் காட்டுங்க." ஒவ்வொருத்தியும் தன் போன் திரையைத் திருப்பிக் காட்டினாள். அழைப்பு முடிந்தது. நெட்வொர்க் பிஸி. அழைப்பு முடிந்தது. நாற்பது திரை. பாளையங்கோட்டையில் தையல் கடையில் நின்ற பேச்சிராஜ் நாற்பதையும் பார்த்தான். தலையாட்டுவது நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பக்கத்துத் தெருவில் இருந்த தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அம்மா மீனம்மாளுக்குக் காது நன்றாகவே கேட்கும். லீலா போனில் வாயை வைத்துச் சொன்னாள். "பாத்துக்கோங்கம்மா. இதுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் தினம் இதே கதிதான்."

"ஏ தாயி, நாங்கல்லா பிள்ளயப் பழி சொல்லிட்டோம்" என்றாள் மீனம்மாள். "நெட்வொர்க் நல்லா இருக்குன்னு கம்பெனிக்காரனே எழுதியிருந்தானே. எந்தக் களவாணிப் பய எழுதுனான் அத?"

லீலா போனை இசக்கிபாண்டியின் பக்கம் திருப்பினாள். உயர்ந்த ரகத் தெளிவில் அவன் முகம் பாளையங்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. "நல்லாரு ராசா" என்றாள் மீனம்மாள். அந்தப் பக்கத்துக்காரனான அவனுக்கு அது வாழ்த்தில்லை, சாபம் என்று தெரியும். கூனிக் குறுகிப்போனான்.

பேசி முடித்ததும் கனகலட்சுமி சிம்மைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். கையால் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுதாவ?"

"இதுல பேசினா இவங்க வாயெல்லாம் மூடிப் போவுது, எனக்கு வேணாம்னு சொல்லுது."

அன்று மாலையே சுவரில் இருந்த நாற்பது பேருடைய எண்களையும் தனித்தனிப் புகாராக அவன் பதிவு செய்தான். காரணம் என்ற கட்டத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினான். அவன் வாழ்க்கையில் எழுதிய முதல் உண்மையான ரிப்போர்ட் அதுதான். ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் வைகாசி மாதத்தில் தேதி குறித்தார்கள். திங்கட்கிழமை சுப்பராயன் அழைத்தார். குரலில் தேன் ஒழுகியது.

"ஜீரோ கேட்டேன், நாப்பது குடுத்திருக்க. பரவாயில்ல. மருந்தும் நீயே குடுத்திருக்க. வெள்ளிக்கிழமை டவர் பதிவப் பாத்தேன். விடுதி இருக்கிற அதே இடம், அதே ஷிப்ட் விட்ட நேரம், ஒன்பது நிமிஷம் வீடியோ கால், ஒரு கட் இல்ல. இதுக்கு மேல என்னய்யா அத்தாட்சி வேணும்? நாப்பதையும் மூடு."

"சார், அது டெஸ்ட் சிம் சார். அது ஓடுனதாலதான் மத்தவங்களுக்கு..."

"எந்த சிம்மா இருந்தா என்ன? டவர் நம்ம டவர்தானே?"

"சாதா சிம்ல ஒரு தடவ அளந்து பாப்போம் சார்."

"விதியில சாதா சிம் கிடையாது."

"அப்படின்னா நா மூடல சார்."

மறுமுனையில் தேன் வற்றியது. "நீ மூடாட்டி நான் மூடறேன். நிரந்தரத்த மறந்துடு."

செவ்வாய்க்கிழமை இசக்கிபாண்டி கூட்ரோட்டுக் கடையில் ஒரு சாதா சிம் வாங்கி, இருபது ரூபாய் டாப்-அப் போட்டான். மூன்றரைக்கு சொர்ணம்மாளிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சுவரோரம் போய் உட்கார்ந்தான். பெண்கள் வந்தார்கள். மூணே முக்காலுக்குச் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நாற்பது போன்களும் அடுத்தடுத்துக் கிணுகிணுத்தன. சுப்பராயன் கைகாரர்தான், நாற்பதையும் ஒரே மூச்சில் மூடியிருந்தார். மேலே தங்கம் ஓடினால் என்ன, வெள்ளி ஓடினால் என்ன, இந்த மெசேஜை மட்டும் எந்த டவரும் தடுத்ததில்லை.

லீலா அதைத் தமிழில் மாற்றிச் சத்தமாகப் படித்தாள். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. உங்கள் பகுதியில் நெட்வொர்க் நன்றாக உள்ளது. நன்றி." படித்ததைக் கனகலட்சுமிக்குக் கையால் சொன்னாள்.

இசக்கிபாண்டி இந்த ஆளை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சாதா சிம்மிலிருந்து சுப்பராயனைக் கூப்பிட்டான்.

"சார், நா விடுதிச் சுவத்துலேருந்து பேசுதேன். நீங்க அனுப்புன மெசேஜ்..."

கட். ரோட்டில் ஒரு மேனேஜர் கார் போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டில் இருந்தவர் காதில் போன் இருந்தது. மறுபடி போட்டான்.

"யாருப்பா அது, புது நம்பர்..."

கட். மூன்றாவது முறை மணியே அடிக்கவில்லை. நெட்வொர்க் பிஸி.

சுவரில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் போனை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கனகலட்சுமி மூன்று விரலை உயர்த்திக் காட்டினாள். பிறகு கையால் நிதானமாக, அவனுக்கும் புரியட்டும் என்பதுபோல ஏதோ சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பாஷை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவனைத் தவிர.

"என்ன சொல்லுதாவ?" என்று லீலாவிடம் கேட்டான்.

"மூணு தடவ ஆச்சாம். எடுக்கலன்னு எழுதி மூடிட்டு, வூட்டுக்குப் போவச் சொல்லுது."

இசக்கிபாண்டி வீட்டுக்குப் போகவில்லை. சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து நாலாவது தடவை எண்ணை அழுத்தினான்.